பன்றிக் கொட்டகையில் ஆன்டிபயாடிக்: தீவனத்தில் கலப்பதா, ஊசி போடுவதா, இல்லாமலே ஓட்டுவதா?

ராமநாதபுரம் கடற்கரையில் சாயல்குடி, உச்சிப்புளி, தொண்டிப் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறவர்கள் கேட்பதில் பாதி ஒரே கேள்விதான். "குட்டிக்குக் கழிச்சல். மருந்துக் கடையில் தீவனத்தில் கலக்கிற பவுடர் தருகிறார்கள். தினமும் போட்டுவிடலாமா, இல்லை நோய் வந்தபிறகு டாக்டரைக் கூப்பிட்டால் போதுமா?" இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "மருந்தே போடாமல் வளர்த்தால் கூடுதல் விலை கிடைக்குமா?"

மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. பத்துத் தாய்ப்பன்றி வைத்துக் குட்டி எடுக்கிறவரின் கணக்கு வேறு. வெளியே முப்பது குட்டி வாங்கி ஆறேழு மாதம் கொழுக்க வைத்து விற்கிறவரின் கணக்கு வேறு. அதனால் முதலில் எதை வைத்து எடை போடுவது என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், நோய்க்கும் மருந்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் ஃப்ளூ இல்லை, பன்றிகளைக் கொல்லும் ஸ்வைன் ஃபீவர்) வைரஸால் வருவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் அப்படியே. குடற்புழு, சொறி, வெயில், உப்புத் தண்ணீர் இவை எதற்கும் அது மருந்தில்லை.

இரண்டாவது, கொடுக்கிற மருந்து நோயுற்ற பன்றியின் உடம்புக்குள் போய்ச் சேருகிறதா? சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான்.

மூன்றாவது, விற்பனைத் தேதி. உணவுக்கான கால்நடைகளுக்கு விற்கும் மருந்தின் லேபிளில், கடைசி டோஸுக்குப் பிறகு எத்தனை நாள் கழித்துக் கறிக்கு அனுப்பலாம் என்று போட வேண்டும் என 2012-ல் விதி வந்தது. லேபிளில் அது இல்லாவிட்டால் கறிக்குக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். உள்ளூர்க் கறிக்கடையில் கறியில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததென்று ஏற்றுமதி இறால் சரக்கு திரும்பி வந்த கதைகள் இந்தக் கரைக்குப் புதிதில்லை.

நான்காவது, அடுத்த வருடமும் அதே மருந்து வேலை செய்யுமா, வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் என்ன ஆகும் என்பது. பன்றியோடு தினமும் புழங்குகிறவர்களின் மூக்கிலேயே மருந்துக்கு அடங்காத பாக்டீரியா குடியிருப்பதை ஐரோப்பியப் பண்ணைகளில் கண்டிருக்கிறார்கள். கொட்டகையில் உருவாவது கொட்டகைக்குள் நிற்காது. சாணத்தோடு வயலுக்கும் போகும்.

## மருந்துக்கு முன்னால் தண்ணீர்

இந்தக் கரையில் வேறு எந்தப் பேச்சுக்கும் முன் இதைப் பேசியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஊருணி நிறைந்திருக்கும்போது கழிச்சல் குறைவு. சித்திரை, வைகாசியில் போர்த் தண்ணீர் உப்பேறியதும் குட்டிகள் கழிய ஆரம்பிக்கும். உடனே பவுடர் வாங்க ஓடுகிறார்கள். கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இறால் பண்ணை வைத்திருக்கும் நண்பர் இருந்தால் இரவல் கேளுங்கள். மீட்டரில் 1000-க்குக் கீழே இருந்தால் பன்றிக்குக் கவலையில்லை. 1000-லிருந்து 3000 வரை என்றால், பழகாத குட்டிக்குச் சில நாள் இளகலாகப் போகும், பிறகு தானே சரியாகிவிடும். 3000-ஐத் தாண்டினால் முதலில் குடிக்க மறுக்கும், கழிச்சலும் வரலாம். 5000-க்கு மேல் சினைப் பன்றிக்கும் பால் கொடுக்கும் பன்றிக்கும் ஆகாது. 7000-க்கு மேல் எந்தப் பன்றிக்கும் கொடுக்கக்கூடாது. மீட்டர் 4000 காட்டும் கொட்டகையில் எந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் கழிச்சல் நிற்காது. நின்றது போலத் தெரிந்தால், குட்டி அந்தத் தண்ணீருக்குப் பழகிவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். பெயர் மட்டும் பவுடருக்குப் போய்விடும்.

கருவாட்டுக் கழிவு, உப்புக் கலந்த மீன் கழிவு போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீவனத்தில் உப்பு ஏறி, மோட்டார் ஓடாமல் ஒரு நாள் தண்ணீர் நின்றுபோனால், பன்றிக்கு உப்பு மூளைக்கு ஏறிவிடும். கண் தெரியாதது போல நடக்கும், சுவரில் தலையை முட்டி நிற்கும், நாய் மாதிரி உட்கார்ந்துகொண்டு இழுப்பு வரும். பார்ப்பவர் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து ஊசி கேட்பார். இதற்கு ஊசி இல்லை. கலங்கிப்போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வெயிலும் இதே மாதிரிதான் ஏமாற்றும். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்கும் வசதி கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எல்லாப் பன்றியும் இரைத்தால் அது வெயில். காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு பன்றி மட்டும் இருமி இரைத்தால் அது நோய். தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதானாலும் விடியற்காலையில் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நோய் வருகிறதா? அப்புறம்தான் கீழே உள்ள நான்கு வழிகளும்.

## வழி 1: தினமும் தீவனத்தில் கலப்பது

இதன் கவர்ச்சி புரிகிறது. ஒரு பொட்டலம் வாங்கி மூட்டையில் கொட்டிக் கிளறிவிட்டால் வேலை முடிந்தது. டாக்டர் வேண்டாம், பன்றியைப் பிடித்து அமுக்க வேண்டாம். குட்டி கொஞ்சம் வேகமாக எடை போடுவது போலவும் இருக்கும். உலகம் முழுக்க ஒரு காலத்தில் இதைத்தான் செய்தார்கள்.

மருந்து யாருக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். காய்ச்சல் வந்த பன்றி தீவனத்தைத் தொடாது. தொட்டியில் முந்தியடித்துத் தின்பது ஆரோக்கியமான, முரட்டுப் பன்றிதான். ஆக, மருந்து தேவையில்லாதவனுக்கு நிறைய, தேவைப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை. கையால் கிளறும்போது மூட்டையின் ஒரு மூலையில் அடர்த்தியாகவும் இன்னொரு மூலையில் வெறுமையாகவும் நிற்கும். பாக்டீரியாவைக் கொல்லாமல் பழக்கப்படுத்துவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

விற்பனைத் தேதிதான் பெரிய மறைமுகச் செலவு. தினமும் மருந்து சாப்பிடுகிற பன்றியை எந்த நாளில் விற்றாலும் அது காத்திருப்புக் காலத்துக்குள்தான் இருக்கும். சட்டப்படி விற்க வேண்டுமென்றால் கடைசி மாதம் முழுக்க மருந்தில்லாத தீவனம் தனியாகக் கலக்க வேண்டும். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

பவுடரில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக் கால்நடைகளுக்கும் கோழிக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் தீவனத்தில் சேர்க்கவும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. வேறு எதற்கும் அடங்காத நோயாளிகளுக்கு மனித மருத்துவமனைகளில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. பாக்டீரியாவை அந்த மருந்துக்கு அடங்காமல் செய்து, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணுவை 2015-ல் சீனாவில் கண்டுபிடித்தபோது, அதை முதலில் பார்த்ததே பன்றியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவில்தான். பழைய சரக்கு, லேபிள் கிழிந்த பொட்டலம் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

டென்மார்க்கை உதாரணம் காட்டாமல் இந்தப் பேச்சு முடியாது. கொழுக்க வைக்கும் பன்றிகளுக்கு 1998-லும் பால் மறந்த குட்டிகளுக்கு 2000-க்குள்ளும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை அங்கே நிறுத்தினார்கள். பெரிய பன்றிகளிடம் குறிப்பிடும்படி எதுவும் ஆகவில்லை. குட்டிகளிடம் கழிச்சல் கூடியது, அதற்கான வைத்தியமும் கொஞ்ச காலம் கூடியது. பவுடர் உண்மையில் மறைத்து வைத்திருந்தது சீக்கிரமே பால் மறக்கடிப்பதால் வரும் கோளாறை. அங்கே மூன்று, நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். நம்மூரில் ஆறு முதல் எட்டு வாரம் விடுவது வழக்கம். அந்தப் பழக்கத்தை விடாதவர்களுக்கு இந்த வழியே தேவையில்லை. தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரட்டும் என்று நான்கு வாரத்தில் பிரிக்கிறவர்கள், மிச்சப்படும் நாட்களை மருந்துக் கடையில் கொடுக்கிறார்கள்.

எப்போது இது சரி? என் கணக்கில் எப்போதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகக் கலப்பதை 2006 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது.

## வழி 2: தொகுதி முழுக்க, சில நாள் மட்டும்

ஒரே அறையில் இருபது குட்டி. இரண்டு நாளில் ஐந்து படுத்துவிட்டன. டாக்டர் பார்த்து, இது பாக்டீரியாதான், பரவுகிறது என்கிறார். அப்போது மிச்சத்துக்கும் சேர்த்து மூன்று முதல் ஐந்து நாள் மருந்து கொடுப்பது நியாயம். முதல் வழியோடு இதைக் குழப்ப வேண்டாம். இதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, பின்னால் டாக்டர் எழுதிய ஒரு சீட்டும் உண்டு.

கொடுப்பதானால் தீவனத்தைவிடத் தண்ணீர் நல்லது. தின்னாத பன்றியும் கொஞ்சமாவது குடிக்கும். ஆனால் இந்தக் கரையில் அதிலும் ஒரு சிக்கல். ஆக்சிடெட்ராசைக்ளின் வகை மருந்துகள் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடும் மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபிறகு குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது. கடினமான போர்த் தண்ணீரில் கலக்கினால் தொட்டியிலேயே பாதி மருந்து செத்துவிடும். மழைத் தண்ணீரிலோ காவிரிக் கூட்டுக் குடிநீரிலோ கலக்குங்கள். மற்ற தண்ணீரை அந்த நேரம் நிறுத்தி, கலந்ததை மட்டும் வையுங்கள். தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் காசு இந்த வழியின் மறைமுகச் செலவு. அதோடு, இருபது குட்டிக்கும் காத்திருப்புக் காலம் ஆரம்பித்துவிடும். விற்கும் வயதில் இருக்கும் பன்றிகளுக்கு இந்த வழி வேண்டாம்.

## வழி 3: நோயுற்றதற்கு மட்டும், டாக்டர் சொன்ன ஊசி

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மருந்து போக வேண்டிய பன்றிக்குப் போகிறது, அளவு எடைக்குத் தகுந்தபடி போகிறது, மற்றவை மருந்தில்லாமல் இருக்கின்றன. தோலில் சாய்சதுரமாகச் செந்தடிப்பு வரும் எரிசிபெலஸ் போன்ற நோய்க்கு வெறும் பென்சிலினே நன்றாகக் கேட்கும். விலையுயர்ந்த புது மருந்தைத் தேட வேண்டியதில்லை.

கஷ்டம் இருக்கிறது. டாக்டர் இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பார். கூப்பிட்ட நேரத்துக்கு வர முடியாது. 1962-க்குப் போன் போட்டால் நடமாடும் மருத்துவ வண்டி வரும், அதற்கும் வரிசை உண்டு. பன்றியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்தச் சிரமத்தால்தான் பலர் முந்தைய தடவை மிஞ்சிய மருந்தைத் தாங்களே போடுகிறார்கள். அதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. எடையைக் கண்ணால் மதித்துக் குறைத்துப் போடுவது ஒன்று. முதல் ஊசியில் எழுந்து நின்றதும் மிச்ச நாளை விட்டுவிடுவது இன்னொன்று. மூன்றாவது, தொடையில் குத்துவது. பன்றிக்கு ஊசி காதுக்குப் பின்னால், கழுத்தில்தான். தொடையில் போட்டுச் சீழ் கட்டினால் நல்ல கறி இருக்கும் இடமே கெட்டுவிடும், வியாபாரி அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துப் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காத்திருப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. எழுபது, எண்பது கிலோ பன்றி ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ தீவனம் தின்னும். 28 நாளுக்கு 70 முதல் 84 கிலோ. இது முழு நஷ்டமில்லை, அந்த நாட்களில் பன்றியும் எடை போடும். எழுபது கிலோவில் ஊசி போட்டால் காத்திருப்பு தானாகக் கழியும். நூறு கிலோவைத் தாண்டிய பன்றிக்குப் போட்டால்தான் வலி. அதற்குப் பிறகு தின்பது கொழுப்பாகும், கொழுத்த பன்றியை வியாபாரி விரும்பமாட்டார்.

ஒரே கழிச்சல் ஒவ்வொரு ஈற்றிலும் திரும்பி வந்தால், அடுத்த தடவை மருந்து போடுவதற்கு முன்னால் சாண மாதிரி எடுத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது சில நாளில் தெரிந்துவிடும். மருந்து போட்டபிறகு எடுத்த மாதிரியால் பிரயோஜனமில்லை.

## வழி 4: ஆன்டிபயாடிக் இல்லாமல்

விலைக்காக இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் வேண்டாம். உயிர் எடைக்கு வாங்கும் வியாபாரி மருந்து போட்டதா என்று கேட்பதில்லை, போடாததற்குக் கூடுதலாகக் கொடுப்பதுமில்லை. நோய் குறைவதற்காக என்றால் இது நல்ல வழி. ஆனால் இதுதான் அதிக வேலை கேட்கும் வழி.

குட்டி பிறந்த முதல் நாளிலேயே சீம்பால் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாது, முதல் சில நாளுக்குள் இரும்பு ஊசி வேண்டும். தாய்க்கு ஈனுவதற்கு முன்பே குடற்புழு நீக்கம். பால் மறந்தபின் இரண்டு வாரமாவது உப்பில்லாத தண்ணீர். தகரத்துக்கு மேலே பனை ஓலை. மீன் கழிவு போட்டால் தீவனத்தில் தனியாக உப்புச் சேர்க்காமல் இருப்பது. விற்பதற்குச் சில வாரம் முன் மீன் கழிவையே நிறுத்துவது, இல்லாவிட்டால் கறி கவிச்சியடிக்கும். ராமேஸ்வரம், மண்டபம் ஓட்டல்களிலிருந்து மிச்சச் சோறு எடுக்கிறவர்கள் அதை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும்.

பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பால் மறந்த குட்டிக்குப் போட்டுவிட்டு ஆண்டுதோறும் தொடர வேண்டும். அது உயிருள்ள தடுப்பூசி, வெயிலில் செத்துவிடும். ஐஸ் இல்லாமல் மீன் ஏற்றமாட்டோம், ஆனால் தடுப்பூசிக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் தடுப்பூசியே இல்லை. 2020-ல் அசாம், அருணாசலத்தில் ஆரம்பித்து, 2022-ல் வயநாட்டுக்கும் 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப் பன்றிகளுக்கும் வந்தது. மனிதரைத் தாக்காது, கொட்டகையைக் காலி செய்துவிடும். வெளியிலிருந்து வாங்கும் குட்டியை மூன்று, நான்கு வாரம் தனிக் கொட்டகையில் வைப்பதும், வியாபாரியின் வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்துவதும்தான் பாதுகாப்பு. காது நீலம் பாய்ந்து, கடும் காய்ச்சலோடு அடுத்தடுத்துச் சாகிறது என்றால் எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மிச்சத்தை அவசரமாக விற்காதீர்கள், அதில்தான் ஊர் ஊராகப் பரவுகிறது.

இந்த வழியில் ஒரு ஆபத்தும் உண்டு. கொள்கை என்று பிடித்துக்கொண்டு, நிமோனியா வந்த பன்றிக்கும் ஊசி போடாமல் துடிக்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பன்றிக்குச் செய்யும் கொடுமை. நோய் வந்தால் மூன்றாம் வழிக்கு வாருங்கள், அந்தப் பன்றியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | தினமும் தீவனத்தில் | தொகுதிக்குச் சில நாள் | நோயுற்றதற்கு ஊசி | ஆன்டிபயாடிக் இல்லாமல் |
|---|---|---|---|---|
| நோயுற்ற பன்றிக்குச் சேருமா | பெரும்பாலும் இல்லை | நல்ல தண்ணீரில் கலந்தால் சேரும் | சேரும் | பொருந்தாது |
| கைக்காசு | மாதாமாதம் | எப்போதாவது, மொத்தமாக | குறைவு | தொடக்கத்தில் அதிகம் |
| மறைமுகச் செலவு | விற்க முடியாத நாட்கள், மருந்து மரத்துப்போதல் | தண்ணீர், எல்லாவற்றுக்கும் காத்திருப்பு | டாக்டர் வரும் நேரம், பிடிக்க ஆள் | உழைப்பு, கவனம் |
| விற்பனைத் தேதி | சிக்கல் | தொகுதிக்கே தள்ளிப்போகும் | அந்தப் பன்றிக்கு மட்டும் | தடையில்லை |

## யாருக்கு எது

சொந்தமாகத் தாய்ப்பன்றி வைத்துக் குட்டி எடுக்கிறவர், நல்ல தண்ணீருக்கு வழி இருந்தால் நான்காம் வழியில் தொடங்கி, நோய் வந்தபோது மட்டும் மூன்றுக்கு இறங்கலாம். ஐந்தாறு பன்றி வைத்திருப்பவருக்கு மூன்றே போதும்.

சந்தையில் பல இடத்துக் குட்டிகளை வாங்கிக் கலக்கிறவருக்குத்தான் கஷ்டம். வண்டிப் பயணம், புதுத் தண்ணீர், ஒன்றோடொன்று சண்டை எல்லாம் சேர்ந்து முதல் பத்து நாளில் கழிச்சல் வந்தே தீரும். அவருக்கும் முதல் வழியைச் சொல்லமாட்டேன். வந்த அன்றே டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டு, நல்ல தண்ணீரைச் சேமித்து வைத்து, தேவைப்பட்டால் இரண்டாம் வழிக்குப் போகட்டும். முடிந்தால் ஒரே பண்ணையில் வாங்கட்டும். நடத்தும் முறையைக் கற்றுக்கொள்ள ராமநாதபுரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தை விசாரிக்கலாம்.

எந்த வழியானாலும் கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டுத் தொங்கட்டும். பன்றியின் அடையாளம், மருந்தின் பெயர், கடைசி ஊசித் தேதி, விற்கலாம் என்ற தேதி. நாலே கட்டம். ஊசி போட்ட பன்றியின் முதுகில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அழிய அழிய மறுபடி போடுங்கள். வியாபாரி தேதிக்கு முன்னால் வந்து நின்றால் கோடு இல்லாத பன்றிகளை மட்டும் காட்டுங்கள்.